விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள்

ஈழவள நாடு தமிழுக்கு அளித்த அறிஞர் பெருமக்களுள் சுவாமி விபுலாநந்தர் தனியிடம் பெற்றவர். முத்தமிழ் வித்தகர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது. துறவி, தமிழ்ப் பேராசிரியர், யாழ்நூலின் ஆசிரியர் என்றெல்லாம் அவரை அறிந்தோர் பலர். அவர் முறைப்படி விஞ்ஞானம் பயின்று, மாணவர்க்கு இரசாயனவியல் கற்பித்த ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே. இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே எவ்வாறு இணைந்தன என்பதையும், அவ்விணைப்பினால் தமிழ் பெற்ற பயன் யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

இலங்கையின் கீழ்க்கரையிலே, வயலும் கடலும் சூழ்ந்த காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடிகளார் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். இளமையிலேயே தமிழும் வடமொழியும் கற்கத் தொடங்கிய அவர், பின்னர் கல்முனையிலும், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். சில காலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின், கொழும்பு அரசினர் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறினார்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்திற்கு வழியாக இருந்தது. விஞ்ஞானப் பாடங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. தமிழைக் கற்று என்ன பயன் என்று கேட்டோர் அன்றும் இருந்தனர். இத்தகைய சூழலில், கொழும்பிலே வாழ்ந்த நாட்களில், தென்கோவைக் கந்தையாபிள்ளை அவர்களிடம் மயில்வாகனனார் தமிழிலக்கியங்களை முறையாகப் பாடங் கேட்டார். ஓய்வு நேரம் யாவும் தமிழுக்கே உரியதாயிற்று.

ஓராண்டில் இரு வெற்றிகள்

1915ஆம் ஆண்டில் அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானம் பயின்றார். மறு ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டயம் பெற்றார். அதே 1916ஆம் ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே. பகலில் சோதனைக் குழாய்களும் தராசும். இரவில் தொல்காப்பியமும் சங்க நூல்களும் என அவருடைய மாணவப் பருவம் அமைந்தது. ஒன்றிற் செலுத்திய உழைப்பு மற்றொன்றைத் தளர்த்தவில்லை என்பதற்கு அவ்வாண்டின் இரு தேர்ச்சிகளே சான்றாகும்.

1917இல் அதே தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயன உதவி ஆசிரியரானார். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே கற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது. நல்ல பதவியும் வருவாயும் கைகூடிய வேளையில், 1922இல், அவற்றைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் விபுலாநந்தர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். ஈழம் திரும்பி, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடசாலைகளை வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலுள்ள சிவாநந்த வித்தியாலயம் அவர் பணியின் நிலைத்த சின்னமாகும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். இரசாயனம் கற்பித்த ஆசிரியர் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்குத் தலைமை ஆசனம் பெற்றமை வியத்தற்குரியது.

கலைச்சொல்லாக்கம்

பாடசாலைகளில் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் வேட்கை 1930களில் வலுப்பெற்றது. அதற்கு முதலில் வேண்டியவை கலைச்சொற்கள். அவை எளிதில் அமைவன அல்ல. சமையலறையிற் காரம் என்றால் மிளகாயின் உறைப்பு. ஆய்வுகூடத்திற் காரம் என்பது அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள். சமையலறையில் உப்பு ஒன்றே. ஆய்வுகூடத்திலோ அமிலமும் காரமும் சேர்வதால் விளையும் பொருள்கள் பலவும் உப்புக்களே. ஒரு பொருளின் தன்மையை அறியாதவர் அதற்குப் பொருத்தமான பெயரிட முடியாது. தமிழ்ச் சொல்லின் வேரும் வழக்கும் அறியாதவர் இட்ட பெயர் மாணவரின் நாவில் நில்லாது. இரண்டும் அறிந்தவர் அந்நாளில் மிகச் சிலரே. அவருள் ஒருவரான அடிகளார், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1936இல் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது.

யாழ்நூல்

அடிகளாரின் இரு கல்வியும் ஒன்றாய்க் கனிந்த நூல் யாழ்நூலாகும். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதனைக் கண்ணாற் கண்டவரும் காதாற் கேட்டவரும் எவருமிலர். எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரம், பத்துப்பாட்டு முதலிய நூல்களில் வரும் குறிப்புகளும், பழைய உரைகளுமே. தமிழ் மட்டும் கற்றவர் அவற்றுக்குச் சொற்பொருள் கூறி அமைந்திருப்பர். விஞ்ஞானம் மட்டும் கற்றவர் அந்நூல்களைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்.

ஒரே இறுக்கத்தில் கட்டிய நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே இசை மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கொண்டு, பண்டை நூல்கள் கூறும் ஏழிசையையும் பாலைகளையும் அடிகளார் கணக்கிட்டு ஆராய்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை விளக்கினார். ஊகத்தை ஊகமாக விடாது, அளந்து சரிபார்க்கும் ஆய்வுகூடப் பழக்கம் இந்நூலெங்கும் விளங்குகின்றது.

பல்லாண்டு உழைப்பினால் விளைந்த அந்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நோயினால் நலிந்திருந்த அடிகளார் அவ்விழாவைக் கண்டு மகிழ்ந்தார். ஒன்றரை மாதமே கழிந்த நிலையில், ஜூலை 19ஆம் நாள், கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பூதவுடல் சிவாநந்த வித்தியாலய வளாகத்திலே அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

பெற்றோர்களே! பிள்ளைகள் பெரிய வகுப்புகளை அடைந்ததும், விஞ்ஞானப் பாடங்கள் மிகுந்துவிட்டன என்று கூறித் தமிழ் வகுப்பை நிறுத்திவிடும் வழக்கம் புலம்பெயர்ந்த நம்மவரிடையே காணப்படுகின்றது. பரீட்சைச் சுமையின் கடுமையை யாரும் மறுக்க இயலாது. எல்லாப் பிள்ளைகளும் விபுலாநந்தர் ஆகிவிடவும் இயலாது. எனினும், வாரத்தில் ஓரிரு மணி நேரத் தமிழ் பிள்ளையின் இரசாயனத்தைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்திற்கு அடிகளாரின் வாழ்வு தக்க மறுமொழியாகும்.

மாணவச் செல்வங்களே! பல்கலைக்கழகத்தில் நீங்கள் இரசாயனம் பயிலலாம். மருத்துவமோ பொறியியலோ பயிலலாம். அங்கே கற்பதைத் தமிழில் உங்கள் பாட்டிக்கும், ஊரிலிருக்கும் உங்கள் வயதுச் சிறுவர்க்கும் விளங்க எடுத்துச் சொல்லும் ஆற்றலையும் பெற்றுக்கொள்ளுங்கள். விஞ்ஞானம் அறிந்த தமிழரும், தமிழ் அறிந்த விஞ்ஞானியரும் இன்றும் நமக்குத் தேவை. அடிகளார் தொடங்கிய பணி இன்னும் முடிவுறவில்லை. அதனைத் தொடரும் கைகளுள் உங்கள் கைகளும் இருப்பனவாக!