சந்திரகாந்தக் கல்லும் சேர் சி. வி. ராமனும்

நம் பாடசாலைத் தாய்க்கு நூறு வயது நிறைகிறது. நூற்றாண்டு மலருக்காக விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, வைத்தியரான நான் மருத்துவ மேதை ஒருவரையே தெரிவு செய்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் ஒளியை ஆராய்ந்த ஒருவரைத் தெரிவு செய்தேன். அதற்குக் காரணம் நம் ஊர்தான்.

பலாங்கொடையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்கள் புதியவை அல்ல. தேயிலை மலைகளுக்குக் கீழே, வயலோரங்களில் மாணிக்கக் குழிகளைப் பார்த்தபடியே பாடசாலைக்கு நடந்தோம். மழை விட்டதும் ஓடையில் பொறுக்கிய கல்லைச் சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்காத பிள்ளை நம்மில் யார்? நாம் விளையாட்டாகச் செய்ததை வாழ்நாள் வேலையாகச் செய்தவர் சேர் சந்திரசேகர வெங்கட ராமன். 1950ஆம் ஆண்டில் ஏ. ஜெயராமன், டி. கே. ஸ்ரீனிவாசன் என்னும் இளம் ஆய்வாளர் இருவருடன் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இலங்கையின் சந்திரகாந்தக் கல்லைப் பற்றியது. அதை அறிந்த நாளிலிருந்து பாடநூலில் இருந்த ராமன் எனக்கு நம் பக்கத்து மனிதராகிவிட்டார்.

ராமன் 1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். பின்னர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளரானார். தாய் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் ராமன் இரண்டாமவர். மெலிந்த உடல், ஆனால் படிப்பில் அசாத்திய வேகம். 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை பிரசிடென்சிக் கல்லூரியில் 1904இல் பௌதிகவியலில் தங்கப் பதக்கத்துடன் பி.ஏ. பட்டம் பெற்றார். 1906இல், 18 வயதில், ஒளி ஒரு சிறு துவாரத்தின் வழியே செல்லும்போது வளையும் விதம் பற்றிய அவரது முதற் கட்டுரை இலண்டனில் அச்சாயிற்று.

இவ்வளவு திறமையுள்ள மாணவன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வதே அக்காலத்து வழக்கம். சென்னை சிவில் சர்ஜன் அவரைப் பரிசோதித்து, அந்நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். அந்த மெலிந்த இளைஞர் 82 வயது வரை வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போது, ஒரு வைத்தியர் போடும் கையெழுத்தின் கனம் எனக்கு நன்றாகவே உறைக்கிறது. ராமனோ பிற்காலத்தில் அந்த வைத்தியருக்கு நன்றி பாராட்டினாராம்.

விஞ்ஞானத்தை நம்பி வாழ வழியில்லாத காலம் அது. ராமன் நிதித் துறைப் பரீட்சை எழுதி முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரியை மணந்து, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவி ஏற்றார். டிராமில் சென்ற ஒருநாள், பௌபஜார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்னும் அந்த இடத்தை 1876இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர். நோயாளரைப் பார்த்துவந்த ஒருவர், தம் நாட்டு இளைஞர் விஞ்ஞானம் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று அலைந்து பணம் திரட்டிக் கட்டிய நிறுவனம். ராமன் வந்த நாட்களில் அங்கு ஆய்வு செய்வார் அதிகம் இல்லை. ஒரு வைத்தியர் அடைத்த வழியை இன்னொரு வைத்தியர் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அலுவலகம் போகுமுன் அதிகாலையிலும், அலுவலகம் முடிந்து இரவு வரையிலும் அங்கே ஆய்வு நடந்தது. பத்தாண்டுகள் இப்படி ஓடின. லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர். ராமனுக்கும் நாதத்தில் தீராத ஆவல் இருந்தது. மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் தோலில் இடும் கரிய பசையே அவற்றின் ஓசைக்குச் சுருதித் தன்மையைத் தருகிறது என்று பௌதிகவியல் முறையில் காட்டினார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. சம்பளம் அரசாங்க வேலையைவிட மிகக் குறைவு. இருந்தும் உயர் பதவியை விட்டுவிட்டு அங்கே சென்றார்.

1921இல் ஒக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று, நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் தெறிப்பதாலேயே கடல் நீலமாகத் தெரிகிறது என்பது பெரும் விஞ்ஞானியான ரேலி பிரபுவின் கருத்து. ராமனிடம் நிக்கல் அரியம் என்னும் சிறு கருவி இருந்தது. குறித்த ஒரு கோணத்தில் நீரைப் பார்த்தால், மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை அந்த அரியத்தால் மறைத்துவிடலாம். கப்பல் தளத்தில் நின்று அப்படிப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்து, பம்பாய்த் துறைமுகத்தில் இறங்குமுன்பே நேச்சர் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

அடுத்த ஏழாண்டுகள் அந்தச் சிதறல் பற்றிய ஆய்விலேயே சென்றன. கே. ஆர். ராமநாதன், கே. எஸ். கிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் உடனிருந்தார்கள். சூரிய ஒளியை ஒரு தொலைநோக்கி வில்லையால் குவித்து, ஊதா வடிகட்டியின் ஊடாகத் தூய திரவத்தினுள் செலுத்தினர். சிதறி வரும் ஒளியை அந்த ஊதாவைத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியால் பார்த்தால் இருள்தான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. ஏறத்தாழ 60 திரவங்களில் அதைக் கண்டார்கள். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி நிறமாலை காட்டியால் பார்த்தபோது அந்தப் புதிய ஒளி தெளிவாகப் பிரிந்து நின்றது.

பௌதிகவியல் படிக்காத சகோதரிகளுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஒரே நிற ஒளி ஒரு பொருளுக்குள் புகும்போது, சிதறும் ஒளியில் மிகப் பெரும் பகுதி அதே நிறத்தில் வெளிவருகிறது. கோடியில் ஒன்று என்னும் அளவில் மிகச் சிறிய பகுதி மட்டும், உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளுடன் சக்தியைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறியது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆளுக்கு ஆள் கைரேகை வேறுபடுவது போல. ஆகவே மாறிய நிறத்தைப் படித்தால், பொருளைத் தொடாமலே அது இன்னதென்று சொல்லிவிடலாம்.

ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கடிதம் 1928 மார்ச் 31ஆம் திகதி நேச்சர் இதழில் வெளிவந்தது. மொஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவரும் படிகங்களில் இதே விளைவை அக்காலத்திலேயே கண்டிருந்தார்கள். 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர். கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

இனி எழுதப் போவதை இப்படியொரு மலரில் எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஆனால் இது பெண் பிள்ளைகளின் பாடசாலை. நம் பிள்ளைகளிடம் இதை மறைப்பது முறையாகாது.

1933இல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானார். அதே ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய கமலா பாக்வத் என்னும் பெண் அங்கு படிக்க விண்ணப்பித்தார். பெண் என்பதற்காக ராமன் மறுத்தார். கமலா நேரே சென்று வாதாடி, அசையாமல் நின்றார். கடைசியில், ஓராண்டு தகுதிகாண் மாணவியாகவே இருக்க வேண்டும், அங்குள்ள ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது உழைப்பைக் கண்டபின் ராமன் மனம் மாறி, பெண்களையும் சேர்க்கத் தொடங்கினார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அன்னா மணி. திருவிதாங்கூரின் மலைப்பகுதியான பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். தந்தைக்கு ஏலத் தோட்டங்கள் இருந்தன. எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட பிள்ளை. 1940இல் ராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, தோடாக அணிய மறுத்த அதே வைரத்தையும், மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார். ஒரு படத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் ஒளி பட வேண்டும் என்பதால், பல இரவுகள் ஆய்வுகூடத்திலேயே கழிந்தன. ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதை ராமன் விரும்பாததால், சக ஆய்வாளருடன் கலந்துரையாடும் வாய்ப்பும் குறைவு. தனித்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. வானிலைக் கருவிகள் பக்கம் திரும்பி, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமைப் பணிப்பாளராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை எடுத்தபோது, தோட்டத்துப் பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று என் தந்தையிடம் கேட்ட ஊர்ப் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் கெட்டவர் அல்ல, பலருக்கு உதவியவர். ராமனும் அப்படித்தான். ரேலி பிரபு சொன்னதையே ஏற்காமல் தம் கண்ணால் பார்த்துத் தெளிந்தவர், பெண்களைப் பற்றி ஊர் சொன்னதை மட்டும் பரிசோதிக்காமலே ஏற்றிருந்தார். பரிசோதனை கண்முன் நடந்தபின் தம் முடிவை ஓரளவு மாற்றிக்கொண்டார். அந்தப் பரிசோதனையின் செலவு முழுவதும் கமலாவின் தலையில் விழுந்தது.

1934இல் இந்திய விஞ்ஞான அக்கடமியை நிறுவிய ராமன், 1948இல் ஓய்வு பெற்றபின் பெங்களூரில் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தில் இறுதிவரை உழைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. நம் சந்திரகாந்தக் கல் அவர் மேசைக்கு வந்தது இக்காலத்தில்தான். அக்கல்லினுள் இரண்டு வகைப் பெல்ஸ்பார் கனிமங்கள் மிக நுண்ணிதாகப் பிரிந்து கலந்திருக்கின்றன. உட்புகும் ஒளி அங்கே சிதறுவதாலேயே நிலவு போன்ற வெண்ணீல ஒளி தெரிகிறது. கடலின் நீலத்தைக் கண்டு எழுந்த கேள்வியே கல்லுக்குள்ளும் தொடர்ந்தது. 1970 நவம்பர் 21ஆம் திகதி காலமானார். அந்த நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அவ்விடத்தில் நினைவுச் சின்னம் கட்டவில்லை. ஒரு மரம் நிற்கிறது.

1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிய உலகின் முதல் லேசரின் உள்ளே இருந்தது செயற்கை மாணிக்கக் கோல். லேசர் வந்தபின், மணிக்கணக்காகக் காத்திருந்து பிடித்த ராமன் நிறமாலையை நொடிகளில் பெற முடிந்தது. இன்று இரத்தினக்கல் ஆய்வுகூடங்களில் கல்லைச் சுரண்டாமல், உடைக்காமல் அது நீலமா கண்ணாடியா என்று சொல்வதும், உள்ளே சிக்கிய துகள் எது என்று காண்பதும் இம்முறையாலேயே. புற்றுநோய் கொண்ட திசுவை நல்ல திசுவிலிருந்து இவ்வொளியால் பிரித்தறியும் ஆய்வுகளும் நடக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் போகும் நோயாளியிடம் பேசும் ஒவ்வொரு முறையும், அந்த ஆய்வுகள் விரைவில் கைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புச் சகோதரிகளே, உலகின் எந்த மூலையில் இருந்து இதை வாசித்தாலும், ஊருக்கு வரும்போது நம் பாடசாலையின் விஞ்ஞான கூடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஓர் அரியமும் ஒரு வில்லையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். நூறாவது ஆண்டில் நம் பாடசாலைத் தாய்க்கு நாம் செலுத்தும் காணிக்கைகளுள் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். ஓடையில் கல் பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கும் சின்னவள் ஒருத்தி அங்கே இப்போதும் இருப்பாள்.