முத்துக்குளித்துறையில் தமிழ்ப் பயிற்றுநெறி: அண்டிரிக் அடிகளாரின் வாழ்வும் பணியும்

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றில் அண்டிரிக் அடிகளார் பெறும் இடம் அனைவரும் அறிந்ததே. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருக்கு அவ்விடத்தைத் தந்தது. ஆயினும், அந்நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத போதகர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நெறியொன்றை அவர் முத்துக்குளித்துறையில் வகுத்திருந்தார். கற்போர் எங்கே இடர்ப்படுகின்றனர் என்பதை அறிந்து, அதற்கேற்பப் பாடத்தை அமைப்பதே அந்நெறியின் அடிப்படை. அவருடைய பிற்கால அச்சுப்பணியும் இந்நெறியின் வளர்ச்சியாகக் கொள்ளத்தக்கது என்பதை அவர்தம் வாழ்க்கை வழியாக நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

இளமையும் வருகையும்

என்றிக்கே என்றிக்கசு என்னும் இயற்பெயருடைய அடிகளார் 1520-இல் போர்ச்சுக்கல் நாட்டின் வீலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத மரபில் வந்த குடும்பம் அவருடையது. அப்பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நிலைக்க இயலவில்லை. 1545-இல் கோயிம்பிராவில் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு கோவாவுக்கும் 1547-இல் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பாறு முதலிய கடலோர ஊர்களில் வாழ்ந்த பரதவர், வந்து சேர்வதற்குப் பத்தாண்டுகள் முன்னரே கிறித்தவம் தழுவியிருந்தனர்.

மனப்பாடத்தின் எல்லை

1542-இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைக் கொண்டு செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடமாக ஒப்புவித்து மக்களுக்குக் கற்பித்தார். அம்மொழிபெயர்ப்பின் விசுவாச அறிக்கையில் நம்புகிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்னும் பொருளுடைய சொல் இடம்பெற்றிருந்ததைச் சவேரியார் 1544-இல் தம் உடன்பணியாளருக்கு எழுதிய மடலால் அறிகிறோம். பிழையைக் கண்டதும் அவரே அதைத் திருத்தினார். எனினும், ஆசிரியரே பொருளறியாது ஒப்புவிக்கும் பாடத்தில் பிழை நேர்ந்தால், அதைக் கற்பவரும் அறிய வழியில்லை என்பதை இந்நிகழ்வு காட்டிற்று. அடிகளார் எதிர்கொண்ட சிக்கல் இதுவே. மக்களுக்குக் கற்பிக்கும் முன் கற்பிப்போருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

கற்றவர் வகுத்த இலக்கணம்

தொடக்கத்தில் துபாசியரின் உதவியோடு பேசிய அடிகளார், தாம் சொல்வது கேட்போரிடம் அவ்வாறே சென்று சேர்வதில்லை என்று கண்டு தமிழ் கற்பதில் முனைந்தார். இலத்தீன் கற்ற முறையிலேயே தமிழ் வினைகளை இடம், எண், காலம் என வரிசைப்படுத்தினார். வேற்றுமை உருபுகளைத் தொகுத்தார். தொடரில் எச்சொல் முன்னும் எச்சொல் பின்னும் நிற்கும் என்பதைத் தனியே ஆராய்ந்தார். இவற்றுக்காகப் பட்ட பாட்டை அவர் தம் மடல்களில் விரிவாகப் பதிந்துள்ளார். சில மாதங்களில் துபாசியர் துணையின்றிப் பேசத் தொடங்கினார். தமக்கென எழுதிவைத்த குறிப்புகளே 1549 அளவில் பிறருக்கான இலக்கண நூலாக உருப்பெற்றன. 'ஆர்த்தெ த லிங்குவ மலபார்' எனப்படும் அந்நூலின் கையெழுத்துப்படி லிஸ்பனில் உள்ளது. அதனைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகளார். 1982-இல் அது பதிப்பிக்கப்பட்டது. 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

இந்நூலில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கற்போர் முன்பே அறிந்ததிலிருந்து அறியாததற்கு அது செல்கிறது. இலத்தீன் இலக்கணப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட அந்நூல், அப்பயிற்சி இல்லாதோரை ஜுவாவ் த பாரோசு எழுதிய போர்ச்சுக்கீசிய இலக்கணத்தின்பால் ஆற்றுப்படுத்துகிறது. இரண்டாவது, செய்யுள் வழக்கை விடுத்துக் கடற்கரை மக்களின் பேச்சு வழக்கை அது பாடமாகக் கொள்கிறது. போதகர் உரையாட வேண்டியது அம்மக்களோடுதான். பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழுக்கு அந்நூல் இன்று சான்றாவது இத்தெரிவின் பயனே. இலத்தீன் சட்டகத்துள் தமிழை அடக்கியதால் தமிழுக்கே உரிய அமைப்புகள் சில நெருக்கத்துக்கு உள்ளாயின என்பதும் மறுக்கவியலாதது. கற்போரின் முன்னறிவைச் சார்ந்து பாடம் அமைத்ததன் விலையாக அதனைக் கொள்ளலாம்.

மாணவன் கொள்ளும் திறத்தை அறிந்து ஆசிரியன் பாடஞ்சொல்ல வேண்டும் என்பது நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் நெறி. அடிகளார் அந்நூலைக் கற்றார் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. ஆனால் தாமே மாணவராக இருந்து பெற்ற பட்டறிவால் அந்நெறியோடு ஒத்த முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

பயிற்சிச் சூழல்

1549-இல் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின், அடிகளார் இக்கடற்கரைப் பணிக்குத் தலைவரானார். புதிதாக வரும் போதகர்க்கு இலக்கணத்தைக் கையளித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. போதகர் தமக்குள்ளும் தமிழிலேயே உரையாட வேண்டும் என்னும் ஒழுங்கை ஏற்படுத்தினார். வகுப்பில் கற்றது அன்றாட வாழ்வில் பயன்பட்டாலன்றி நிலைபெறாது என்பதை இவ்வொழுங்கு உணர்த்துகிறது. 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அடிகளார் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின்னும் இப்பணியைக் கைவிடவில்லை. தமிழைக் கற்பிக்க உயர்நிலைக் கல்விக்கூடம் ஒன்று வேண்டும் என்றும் வலியுறுத்தி வந்தார்.

அச்சு நூல்களின் படிநிலை

அச்செழுத்துகள் வார்ப்பதற்கான பொருளைப் பரதவர் வழங்கினர். 1578 அக்டோபர் 20 நாளிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அடிப்படைச் செபங்களைத் தருகிறது. 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடையாய் அமைந்தது. 1580-இல் பாவசங்கீர்த்தன விளக்க நூலும், 1586-இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த 'அடியார் வரலாறு' என்னும் நூலும் வெளிவந்தன. ஓதுதல், வினாவி அறிதல், தன்னை ஆய்தல், நெடிய உரைநடையைப் பயில்தல் என இவ்வரிசை கற்போரைப் படிப்படியாக உயர்த்துவதாகக் காணப்படுகிறது. மனப்பாடத்தில் தொடங்கினும் அதனோடு நின்றுவிடாமை இதன் சிறப்பு.

முடிவுரை

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இக்கடற்கரையில் பணியாற்றிய அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நோக்கம் சமயப் பரப்பல் என்பதில் ஐயமில்லை. அந்நோக்கத்துக்காக அவர் வகுத்த பயிற்றுநெறியோ மொழிக்கல்விக்குப் பொதுவானது. கற்போரின் முன்னறிவு, அவர் பயன்படுத்தப்போகும் வழக்கு, பயிற்சிக்குரிய சூழல், பாடங்களின் படிநிலை ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். பிறமொழியாளருக்குத் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இன்று பாடத்திட்டம் வகுக்குங்கால் முதலில் விடை காண வேண்டிய வினாக்களும் இந்நான்கைப் பற்றியனவே. அச்சுநூல்களோடு 'ஆர்த்தெ' இலக்கணத்தையும் ஒருங்கே வைத்துக் கற்கும்போதுதான் தமிழ்க் கல்வி வரலாற்றில் அடிகளாருக்குரிய இடம் முழுமையாகப் புலப்படும்.