மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவம்: டாக்டர் கிரீன்

முத்துக்குளிப்புக் காலம் வந்தால் நமது தூத்துக்குடிக் கரையின் பரதவர் படகுகள் மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கையின் சிலாவத்துறை வரை செல்வது பண்டைய வழக்கம். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். மக்கள் திரண்ட இடத்தில் குடிநீர் கெடும், வாந்திபேதி தலைகாட்டும். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து மன்னார் வழியே கண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற கூலியாட்களையும் அந்நோய் விடாது தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கடலின் இருகரைத் தமிழரும் கண்டு நடுங்கிய நோய் அதுவே. அந்நாளில் எதிர்க்கரையாகிய யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் பிறந்தார். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன் இவருடைய உடன்பிறந்தவர். தமையன் பெருநகர் ஒன்றைச் சமைக்க, தம்பி பனங்காட்டுக் கிராமங்களைத் தேடி வந்தார். 1845இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். அவர் வந்த நோக்கம் சமயப் பரப்பு; அதை அவர் மறைத்ததில்லை. ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது வேறொரு காரணத்தால்.

வந்த சில ஆண்டுகளிலேயே தமிழைத் தேர்ந்து கற்று, கட்டர் என்பாரின் உடலியல் நூலை மொழிபெயர்த்து 1852இல் வெளியிட்டார். அதன் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பு. சுகரணவாதம் அதன் இயக்கம். உற்பாலனம் உடல்நலம் பேணுதல். இன்று சுகாதாரம் என்று நாம் வழங்கும் பொருளுக்கு அன்று அவர் ஆண்ட சொல் உற்பாலனம். அச்சொல் ஏனோ நிலைக்கவில்லை. கலைச்சொல்லைத் தமிழில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைவிப்பார். வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டமை இவ்வகையினது. அந்நூல் 1875இல் நம் பக்கத்து நாகர்கோவிலில் அச்சேறியது. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் எனப் பிற நூல்களும் தொடர்ந்தன. மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு அவருடைய தமிழ் மாணவர்களுடையது; ஆசிரியரின் புகழில் அவர்கள் பெயர் மறைந்துவிடுவது நியாயமன்று.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றுத் தேறிய மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். நோயுற்ற கிராமத்தவர் முன்போலவே துணையின்றி நின்றனர். பத்தாண்டுப் பணிக்குப் பின் தாயகம் சென்று 1862இல் மனைவியுடன் திரும்பியவர், இனித் தமிழே பயிற்றுமொழி என்று உறுதி கொண்டார். தமிழில் கற்றவன் தன் ஊரில் தங்குவான் என்பது அவர் கணக்கு. மாணவர் மேலைநாட்டு உடைக்கு மாறாமல் தமிழ் மக்கள் போலவே உடுத்து வாழவேண்டும் என்றும் விரும்பினார். பெற்றோர் பலர் இதை விரும்பவில்லை. ஆங்கிலமின்றி உயர்வில்லை என்று அவர்கள் எண்ணியதில் பிழை காண்பதற்கில்லை. சம்பளம் அங்கேதான் இருந்தது. 1870இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியபின் போட்டி இன்னும் கடுமையாயிற்று. இத்தனைக்கும் நடுவே அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அவர் அகன்றபின் தமிழ்வழி வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. நூல் வேலையை மட்டும் அவர் விடவில்லை. ஊஸ்டரிலிருந்தபடியே கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார். மானிப்பாய் மருத்துவமனை இன்று கிரீன் நினைவு மருத்துவமனை என வழங்குகிறது. ஊஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையில், அவர் விரும்பியவாறே, தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள்.