கிணறுகளின் மேல் ஒரு கோயில்

வீடு வாங்கும்போது கார் நிறுத்த இடம் உண்டா, குடிநீர் எப்படி என்றெல்லாம் விசாரித்தோம். அஸ்திவாரம் எத்தனை அடி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நான் கேட்கவில்லை. எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கே அந்தக் கேள்வி வந்தது.

'கிர்க்' என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும். கம்பெனிக் காலத்தில் சென்னையிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். அவர்களுக்குப் பிஷப் கிடையாது, மூப்பர்கள்தான் சபையை நடத்துவார்கள். அந்தச் சபைக்காக இதைக் கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட், கர்ன்சி தீவில் 1775-இல் பிறந்த ராணுவப் பொறியாளர்.

வம்புக்கும் அஞ்சாதவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரியின் குறுக்கே பெரிய வளைவுகளால் பாலம் கட்ட முடியும் என்று காட்ட, நூறு அடிக்கு மேல் அகலமான ஒரு செங்கல் வளைவைத் தன் வீட்டருகே எழுப்பினார். பாலம் வரவில்லை, வளைவு மட்டும் 1937 வரை நின்றது. 1809-இல் கூடாரப் படி உள்ளிட்ட விவகாரங்களில் அதிகாரிகள் அரசை எதிர்த்தபோது இவரும் சேர்ந்தார், வேலை போயிற்று. (படியில் கைவைத்தால் என்ன ஆகும் என்று வங்கி ஊழியனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை!) 1812-இல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைக் கட்டினார். 1818-இல் அவர் மனைவி எலிசபெத் இறந்தார். அந்தக் கதீட்ரல் கல்லறைத் தோட்டத்தில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர் அவர்தான். கணவர் கட்டிய கோயிலின் நிலத்திலேயே.

அதே 1818 ஏப்ரலில் கிர்க்குக்கு அடிக்கல். அங்கே மண் இளகிய களிமண். அதன்மேல் வட்டக் கூடம், அதற்கு மேல் பெரிய குவிமாடம், முன்பக்கம் 160 அடிக்கு மேல் உயர்ந்த கோபுரம். சாதாரண அஸ்திவாரம் போட்டால் உட்கார்ந்துவிடும். டி ஹாவிலண்ட் நம் ஊர்க் கிணறு வெட்டும் முறையைக் கையில் எடுத்தார். சுமார் 150 கிணறுகளை இடத்துக்கேற்ப வெவ்வேறு ஆழத்தில் இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தினார். இன்று 'பைல்' போடுவதற்குப் பெரிய இயந்திரங்கள் வருகின்றன. அன்று கையால் வெட்டினார்கள். வெட்டிய நம்மவர் பெயர் எதுவும் கல்வெட்டில் இல்லை என்பதுதான் என் குறை.

1821 பிப்ரவரியில் ஆராதனை தொடங்கியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்திருக்கிறது.

டி ஹாவிலண்ட் ஊர் திரும்பி, கர்ன்சியில் 1866-இல், தொண்ணூறு வயதில் இறந்தார். எலிசபெத் இங்கேயே இருக்கிறார். அடுத்த முறை எழும்பூர் போனால் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்தின் உட்புறம் நீல வானமும் பொன் நட்சத்திரங்களும். பார்த்துவிட்டுக் கீழே காலடித் தரையையும் ஒருமுறை பாருங்கள்.