துறவாடைக்குள் ஒரு விஞ்ஞான ஆசிரியர்

விபுலாநந்த அடிகளாரின் பெயரைக் கேள்விப்படாத பிள்ளை மட்டக்களப்பில் இருக்க முடியாது. துறவி, தமிழ்ப் பேராசிரியர், இசை ஆராய்ச்சியாளர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஆனால் காவியுடை தரிக்க முன்பு அவர் செய்த தொழில் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே சற்றுத் தயங்குவார்கள். அவர் விஞ்ஞான ஆசிரியர். அதுவும் கத்தோலிக்கக் குருமார் நடத்திய கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்த ஆசிரியர் கடைசிவரை அவருக்குள்ளே உயிரோடு இருந்தார் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். தகப்பனார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலும் வயலும் சூழ்ந்த காரைதீவில் 1892 மார்ச் 27இல் பிறந்தார். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஏடு தொடங்கி, வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் கற்றார். கல்முனையில் மெதடிஸ்த சபையாரின் பாடசாலையில் ஆங்கிலம் ஆரம்பமாயிற்று. அங்கிருந்து மட்டுநகர் புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் அக்கல்லூரி பிரான்ஸ் நாட்டு இயேசு சபைத் துறவிகளின் கையில் இருந்தது. அவர்களுள் பேர்பெற்றவர் வண. பிதா பொனெல். கல்லூரியின் பெரிய கட்டடத்தை எழுப்பியவர் என்றே அவரை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் கணிதத்திலும் வல்லவர். சைவக் குடும்பத்திலிருந்து வந்த மயில்வாகனனின் கணித மூளையைக் கண்டுகொண்டு அதைத் தீட்டிவிட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு பிள்ளைக்கு விடை சொல்லிக் கொடுக்க எவராலும் முடியும். கணக்கு என்பது ஏன் அப்படி வருகிறது என்று கேட்கப் பழக்குவது வேறு சங்கதி. 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் மயில்வாகனன் சித்தியடைந்தார். பின்பு தாம் படித்த கல்லூரியிலேயே சிலகாலம் ஆசிரியராகவும் இருந்தார்.

1911இல் கொழும்பு ஆங்கில ஆசிரிய பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியரானார். பிறகு கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் விசேஷமானது. அந்த ஒரே ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவையும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டத்தையும் பெற்றார். இலங்கையிலிருந்து அந்தப் பண்டிதர் பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே. பகலில் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயும் இரவில் தொல்காப்பியமுமாக ஓர் இளைஞன் இருந்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கலாம். இன்று நம் வீடுகளில், கெட்டிக்காரப் பிள்ளை விஞ்ஞானம் படிக்கட்டும், மற்றப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகட்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பங்கு பிரித்துவிடுகிறோம். அவருக்கு யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை, நல்லகாலம்.

தொழில்நுட்பக் கல்லூரியின் இரசாயனப் பகுதியில் சிறிது காலம் உதவியாளராக இருந்தபின், 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராகச் சென்றார். அது அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரின் கல்லூரி. அங்கே படிப்பித்துக்கொண்டே தாமாகப் படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பரீட்சைக்குத் தோற்றி, 1920இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக அழைத்துக்கொண்டது.

மானிப்பாய்க்கு ஒரு பழைய பெருமை உண்டு. அங்கேதான் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழில் நூல்களாகின. 1875இல் கெமிஸ்தம் என்ற பெயரில் ஓர் இரசாயன நூலும் அச்சேறியது. கிறீன் ஊர் திரும்பிய பின்னர் அந்த முயற்சி தொடராமல் நின்றுபோயிற்று. இலண்டன் பட்டம் பெற்ற புதிய அதிபர் வந்தபோது, கல்லூரிகளில் விஞ்ஞானம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. வீட்டில் தாயோடு பேசும் மொழியில் ஒரு பிள்ளை ஒளி ஏன் வளைகிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டால், மறுமொழி சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று படித்தவர்களே கையை விரித்த காலம் அது.

1922இல் அதிபர் பதவியை விட்டுச் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவறம் பூண்டு விபுலாநந்தர் ஆனார். இந்த இடத்தோடு அவருடைய விஞ்ஞானம் முடிந்துவிட்டதாகவே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பின்னால் அவர் செய்த பெரிய வேலைகள் இரண்டும் விஞ்ஞானம் படித்த ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியவை.

முதலாவது, கலைச்சொல். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பாரதியாரின் பாடல்களைக் கற்றோர் மதிக்கச் செய்ததும் அக்காலத்திலேதான். அதன்பின் சென்னையில் தமிழறிஞர்களும் விஞ்ஞானம் அறிந்தவர்களும் கூடி, பாடசாலை விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கத் தொடங்கினார்கள். 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவரநூல், விலங்குநூல் முதலிய துறைகளுக்கு ஏறக்குறைய 10,000 சொற்கள் கொண்ட தொகுதி 1938இல் வெளிவந்தது. சொல் ஆக்குவது அகராதிக்காரர் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கவேண்டும். விசைக்கும் வேகத்துக்கும் வேறுபாடு தெரியாதவர் அவற்றுக்குப் பெயர் வைத்தால், படிக்கும் பிள்ளை ஆயுள் முழுவதும் குழம்பும். பொருளையும் மொழியையும் ஒன்றாக அறிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. 1950களில் இலங்கைப் பாடசாலைகளின் மேல்வகுப்புகள் சுயமொழிக்கு மாறியபோது, தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்ற பழைய சந்தேகத்தோடு யாரும் தொடங்கவேண்டி இருக்கவில்லை.

இரண்டாவது, யாழ். அதைச் சொல்லுமுன் நமது வாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நிலவுக் காலத்தில், காற்று அடங்கிய இரவில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பை நீருக்குள் விட்டு, மேல்நுனியில் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய ஒலி கேட்கும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் அனுபவம். 1848இல் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட், தோணியில் போய் இந்த ஒலியைத் தம் காதால் கேட்டு நூலில் எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்றது என்பது அவர் குறிப்பு. மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இதைப் பதிவு செய்தார். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

துடுப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல நல்ல விடை ஒன்று உண்டு. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். நீரில் ஏறக்குறைய 1500 மீற்றர். ஆனால் நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்புக்கு வந்ததும் பெரும்பாலும் திரும்பி உள்ளேயே போய்விடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்குள் கடக்கும். மரம் அப்படியல்ல. நீரின் அதிர்வைத் தாராளமாக வாங்கிக் காதுவரை கொண்டுவந்து சேர்க்கும். பௌதிகம் படிக்காத நம் மீனவர்கள் அதைக் கையால் அறிந்து வைத்திருந்தார்கள்.

அடிகளாரும் இந்த வாவிக்கரை மனிதர். 1925இல் ஊர் திரும்பி மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். மட்டுநகரிலிருந்து அங்கே போக, 1924இல் திறந்த பாலத்தை அன்று கடக்கவேண்டியிருந்தது. வாவியின் இந்த ஒலியை அவர் செய்யுளாகப் பாடி, நீரரமகளிரின் இசையாகத் தம் யாழ் நூலிலே சேர்த்திருக்கிறார். கவிஞர் அந்த அளவில் நின்றிருப்பார். விஞ்ஞான ஆசிரியர் நிற்கவில்லை. ஒலிக்கு உள்ளே இருக்கும் எண்ணைத் தேடிப் போனார்.

பழந்தமிழரின் யாழ் அழிந்துபோன கருவி. சிலப்பதிகாரத்தில் அதன் இலக்கணம் உண்டு. உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் விளக்கமும் உண்டு. ஆனால் கருவி கையில் இல்லாததால் அந்தப் பகுதிகளைப் புலவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகுகள், கூட்டினால் 22. இவை வெறும் மனப்பாட எண்கள் அல்ல, கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியவை என்று அடிகளார் கண்டார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்துத் தங்கூசி நூலை இறுக்கிக் கட்டுங்கள். தட்டினால் ஒரு சுரம். சரி நடுவில் விரலை அழுத்திப் பாதியை மட்டும் தட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும், அதிர்வு இரட்டிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தைத் தட்டினால் முதற் சுரத்தோடு இனிமையாகப் பொருந்தும் இன்னொரு சுரம் வரும்; அதிர்வு ஒன்றரை மடங்கு. குரலிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக நிற்கும் இளி இதுதான். இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு தடவை ஏறிப் போனால், தொடங்கிய குரலுக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்துவிட்டது போலக் காதுக்குத் தோன்றும். கணக்கோ வேறு சொல்கிறது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 129.75, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. ஒரு சிறு மிச்சம் நிற்கிறது. கிரேக்க நாட்டில் பிதாகரஸ் வழிவந்தவர்கள் இந்த மிச்சத்தைக் கண்டு தலையைச் சொறிந்தார்கள். பியானோ செய்வோர் அதைப் பன்னிரண்டு சுரத்துக்கும் பங்கிட்டு மறைக்கிறார்கள். நம் முன்னோர் நரம்புகளைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்து வட்டமாக எண்ணினார்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பாலைகளும் பண்களும் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்று படிப்படியாக நிறுவினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் உருவத்தையும் வகுத்தார். தேவாரப் பண்களுக்கும் குடுமியாமலைக் கல்வெட்டுக்கும் அதே அளவுகோலைப் பிடித்தார். எண்ணும் இசையும் என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டவர் அவர். பிரிக்க முடியாதவை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசையறிஞர் ஒப்புக்கொண்டார்கள் என்றில்லை. ஒவ்வொரு படியிலும் கணக்கை வெளியே வைத்திருப்பதால், எதிர்ப்பவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் எதிர்க்கவேண்டும். விஞ்ஞானம் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

இடையில் இமயமலை மாயாவதி ஆசிரமத்தில் இருந்து பிரபுத்த பாரத என்ற ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். வேலைச் சுமையும் நோயும் உடம்பை உருக்கின. யாழ் ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை அச்சிட முன்வந்தது. 1947 ஜூன் 5ஆம் திகதி, தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள்; அவை சபையிலே மீட்டப்பட்டன. பல நூற்றாண்டாகக் காதில் விழாத கருவியின் ஒலியை, நலம் குன்றியிருந்த அந்த ஆசிரியர் தாமே இருந்து கேட்டார்.

நாற்பத்துநான்கு நாட்களின் பின், 1947 ஜூலை 19இல், கொழும்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, கல்லடி உப்போடையில் அவர் தொடங்கிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.