பைக்கைப் பிரித்த ஜி.டி.நாயுடு, கல்லூரியை விட்டு ஏன் வெளியேறினார்?

கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் மேல் அவருக்கு ஒரு கண். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கியேவிட்டார். ஓட்டுவதற்கு மட்டுமா? அக்கு அக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அவருடைய இன்ஜினீயரிங் வகுப்பு அதுதான்.

1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ், 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார், அப்புறம் ரேசர்... பட்டியல் நீளம், அதை விடுங்க.

விஷயம் 1945-ல் இருக்கு. கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். பட்டறையில் கை வைத்துப் படித்தால் ரெண்டு வருஷம் போதும், நாலு வருஷம் வீண் என்பது அவர் கணக்கு. ஆங்கிலேய அரசு ஒத்துக்கொள்ளவில்லை, வெளியேறிவிட்டார். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பு இப்பவும் நாலு வருஷம்தான்.