புலிக்கு உருக்கொடுத்த யூஜீன் வான் இங்கன்

எழும்பூர்க் காட்சிசாலையில் பாடஞ்செய்து வைத்த விலங்குகளைக் கண்டு வியவாத மாணவர் இலர். அத்தொழிலை இந்நாட்டிற் பேர்பெறச் செய்தவர் மைசூரில் வாழ்ந்த யூஜீன் வான் இங்கன் என்பார். ஒல்லாந்தர் மரபில் வந்த அவர், 1900-ஆம் ஆண்டையொட்டி அந்நகரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். மன்னரும் ஆங்கில அதிகாரிகளும் சுட்டு வீழ்த்திய புலிகள் அவரிடம் வெறுந்தோலாக வந்து சேர்ந்தன.

தோலினுள் வைக்கோலைத் திணித்துத் தைப்பது பழைய முறை. நாளடைவில் வயிறு பருத்துத் தோள் சரியும். காண்பவர்க்கு நகைப்பே விளையும். மைசூர்ச் சாலையிலோ, உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்துப் பதனிட்டு, உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்குவர். அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடலின்மேல் அதனை ஈரமாகவே போர்த்தித் தைப்பர். கண்ணாடி விழிகளைப் பதித்தபின் முகத்தில்தான் மெய்யான உழைப்பு. சீறும் புலியின் மேலுதட்டுச் சுருக்கம் ஒன்று பிழைப்பின் புலி பூனையாகிவிடும்! உலருங்கால் தோல் சுருங்குமாதலின், இமையையும் செவியையும் மீண்டும் மீண்டும் திருத்தல் வேண்டும். காட்டிலேயே தாமதித்து உரித்த தோலாயின் மயிர் உதிர்ந்து, பட்ட பாடெல்லாம் வீணாம். வேட்டையாடியவர் பெயரைப் பலரறிவர். சுரண்டியும் தைத்தும் கைசலித்த தொழிலாளர் பெயரை யாரறிவர்?

யூஜீன் 1928-இல் காலஞ்சென்றார். போயர் தளபதியரின் பெயர்களைத் தாங்கிய போத்தா, டி வெட், ஜூபர்ட் முதலிய மைந்தர் தொழிலை வளர்த்தனர். அது ஓங்கிநின்ற நாளில் 150-க்கு மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். ஆண்டொன்றுக்கு 400-க்கு மேற்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் வந்தன. இத்தொகையைக் கேட்குங்கால், கைத்திறனைப் புகழ வந்த நாவும் சற்றே தயங்குகின்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1999-இல் சாலை மூடப்பட்டது. அங்கிருந்து கடல்கடந்து சென்ற புலிகள் அயல்நாட்டு மாளிகைகளில் இன்றும் சீறியபடி நிற்கின்றன.